தண்ணி கேட்க வாய் வரவில்லை, பாட்டு மட்டும் வந்தது

என் பெரியப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற நாலாம் வருஷம், ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். மூளையின் இடது பாதிக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

சுத்தமாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம். தாகம் எடுத்திருக்கிறது. செம்பை இடது கையால் காட்டிக் காட்டி அவர் சொன்னது, "ரைட்... ரைட்... போலாம் ரைட்." எங்கே போகணும் என்று பெரியம்மா கேட்க, அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்தக் கோபத்தில் ஒரு கெட்ட வார்த்தை மட்டும் பிசிறில்லாமல் வந்து விழுந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒரு பழைய சினிமாப் பாட்டு. பெரியப்பா கட்டிலில் படுத்தபடியே பல்லவியைக் கூடவே பாடினார். முனகல் இல்லை, வார்த்தை வார்த்தையாகப் பாடினார். பெரியம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, "பேச்சு வந்துடுச்சு" என்று அழுதார். பாட்டு முடிந்தது. "தண்ணி வேணுமா?" என்று கேட்டோம். "ரைட்" என்றார்.

பிடிவாதம் என்றார்கள், நடிக்கிறார் என்றுகூட ஓர் உறவுக்காரர் சொன்னார். "தண்ணி" என்ற ஒற்றை வார்த்தை வராத வாயில் பல்லவி முழுசும் எப்படி வரும்? நான் டாக்டர் இல்லை. இந்த ஒரு கேள்விதான் மூளையும் மொழியும் இசையும் பற்றி என்னைப் படிக்க வைத்தது. புரிந்ததை என்னைப் போன்ற ஆட்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் காது. பேச்சானாலும் பாட்டானாலும் நம்மிடம் வந்து சேர்வது காற்றின் அதிர்வுதான். செவிப்பறை அதிர்கிறது, அதன் பின்னாலுள்ள மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. காக்ளியா என்பார்கள். சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரலை விடக் குட்டை. உள்ளே நீளவாக்கில் ஒரு சவ்வு. அந்தச் சவ்வு ஓர் ஆர்மோனியப் பெட்டி மாதிரி: வாசல் பக்கம் கீச்சுக்குரலுக்கு அதிரும், உள்கோடி கட்டைக்குரலுக்கு அதிரும். எந்த இடம் அதிர்ந்தது என்பதை அங்கே வரிசையாக நிற்கும் மயிரிழைச் செல்கள் மின்துடிப்பாக மாற்றி நரம்புக்குத் தருகின்றன. மூளைக்குத் தகவல் சொல்லும் முக்கியமான செல்கள் ஒரு காதுக்கு 3,500 அளவில்தான். செத்தால் மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி வைக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்; கேட்கமாட்டார்கள்.

நரம்பு வழியே போகும் துடிப்பு மூளைத்தண்டில் இரண்டு மூன்று இடங்களில் நின்று நின்று, கடைசியில் காதுக்குச் சற்று மேலே, மூளையின் பக்கவாட்டில், ஒலியைக் கவனிக்கும் மேலடுக்கான செவிப் புறணிக்குப் போய்ச் சேர்கிறது. இதுவரை பேச்சு, பாட்டு என்ற பிரிவினை கிடையாது. ஒரே ரோடு, ஒரே பஸ்.

அதற்குப் பிறகுதான் வேலை பிரிகிறது. ஏன் பிரிய வேண்டும் என்று பார்க்க, இரண்டு சின்ன விஷயங்களைச் செய்து பார்ப்போம்.

"பாடு" என்று சொல்லுங்கள். பிறகு "காடு". இரண்டிலும் பின்பாதி ஒன்றே. வித்தியாசம் முழுக்க ஆரம்பத்தில் உதடோ நாக்கோ விடுபடும் நொடியில் இருக்கிறது. ஏறக்குறைய 40, 50 மில்லி வினாடி. கண் சிமிட்டுவதற்கு அதைவிட அதிக நேரமாகும். "எடு" என்றால் ஒன்று, "எட்டு" என்றால் வேறொன்று; நாக்கு மேலண்ணத்தில் எத்தனை நேரம் ஒட்டியிருந்தது என்பதை வைத்தே காது கண்டுபிடிக்கிறது. ஆக, பேச்சைப் பிடிக்க வேண்டுமானால் நேரத்தை மிகப் பொடியாக நறுக்கத் தெரிய வேண்டும்.

இப்போது ஸ பாடுங்கள், பிறகு சுத்த ரிஷபம். உங்கள் ஸ 240 ஹெர்ட்ஸில் இருந்தால் ரிஷபம் 256 அளவில் இருக்கும். வெறும் 16 அதிர்வு தள்ளியிருப்பதை வைத்து ராகமே மாறிவிடுகிறது. இங்கே அவசரம் கிடையாது, ஸ்வரம் நின்று ஒலிக்கும். ஆனால் சுருதியைப் பொடியாக அளக்கத் தெரிய வேண்டும்.

நேரத்தை நறுக்குவது ஒரு திறமை, சுருதியை அளப்பது வேறு திறமை. இரண்டையும் ஒரே இடத்தில் உச்சமாக வைத்துக்கொள்வது கஷ்டம். மூளை இடது பக்கச் செவிப் புறணியை முதல் வேலைக்கும், வலது பக்கத்தை இரண்டாவது வேலைக்கும் கூடுதலாகப் பழக்கியிருக்கிறது என்பது மான்ட்ரியல் நகரத்து ராபர்ட் ஸாட்டோரே பல வருஷமாகச் சொல்லி வரும் கருத்து. 2020இல் அவர் குழு இதை அழகாகச் சோதித்தது. பத்து வாக்கியங்களைப் பத்து மெட்டுகளில் பாட வைத்து, நூறு பாட்டுகள். அவற்றில் சிலவற்றில் நேரம் சார்ந்த விவரங்களை மட்டும் மங்கலாக்கினார்கள். சிலவற்றில் சுருதி சார்ந்த விவரங்களை. நேரம் மங்கியபோது கேட்டவர்களுக்கு மெட்டு தெரிந்தது, வார்த்தை புரியவில்லை. சுருதி மங்கியபோது வார்த்தை புரிந்தது, மெட்டு தெரியவில்லை. மூளைப் படத்திலும் வார்த்தை இடதில், மெட்டு வலதில் பிரிந்து நின்றது.

"இடது மூளை மொழிக்கு, வலது மூளை கலைக்கு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாசகம் உங்களுக்கு ஞாபகம் வரலாம். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு "வந்தான்" என்ற வார்த்தை போதும். சாதாரணமாகச் சொன்னால் தகவல். கடைசியில் குரலை ஏற்றினால் கேள்வி. இழுத்து இறக்கினால், "வந்தான் பார் பெரிய மனுஷன்" என்ற நக்கல். எழுத்து ஒன்றுதான், அர்த்தத்தை மாற்றுவது குரலின் மெட்டு, அதாவது பேச்சுக்குள் இருக்கும் சங்கீதம். இந்த வேலையில் வலது பாதிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பக்கம் அடிபட்டவர்கள் சிலர் இலக்கணம் பிசகாமல் பேசுவார்கள், ஆனால் எல்லாவற்றையும் செய்தி வாசிப்பது போல ஒரே குரலில் பேசுவார்கள். நீங்கள் நக்கலடித்தால் அவர்களுக்கு உறைக்காது.

குழந்தைகளுக்கு இந்த மெட்டுதான் முதலில் வருகிறது. வயிற்றுக்குள் இருக்கும்போதே அம்மாவின் குரலில் ஏற்ற இறக்கம் கேட்கிறது. மெய்யெழுத்துகள் தண்ணீருக்குள் கேட்பது போல மழுங்கிவிடுகின்றன. பிறந்து சில நாளே ஆன பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை ஏறுமுகமாகவும் ஜெர்மன் குழந்தைகளின் அழுகை இறங்குமுகமாகவும் இருந்ததாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. அவரவர் ஊர்ப் பேச்சின் சாயலிலேயே அழுகிறார்களாம்.

எழுத்தொலிகள் பிறகு வருகின்றன. வரும்போதே சில போகின்றன. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஹிந்தியில் ட, த என்ற இரண்டு ஒலிகளையும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதத்தில் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. ஆங்கிலத்துக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை, மூளை அதைக் கைகழுவிவிட்டது. "பாட்டு", "பாத்து" இரண்டையும் வெளிநாட்டுக்காரர் ஒரே மாதிரி சொல்லும்போது நாம் சிரிக்கிறோம். நம் கதையும் அதே கதைதான். தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்கு ஹிந்தியின் நான்கு வகை "க"வும் காதில் ஒட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சரி, ஒலி வந்தது, எழுத்தாகப் பிரிந்தது. அர்த்தம் எப்படி வருகிறது?

"அம்மா சூடான இட்லிக்குக் கொஞ்சம் செருப்பு ஊற்றினாள்."

"செருப்பு" என்ற இடத்தில் உங்களுக்குள் ஏதோ இடறியதல்லவா? அந்த இடறலைத் தலையில் ஒட்டும் மின்முனைகளால் அளக்கலாம். இப்படிப்பட்ட பொருந்தாத வார்த்தை வந்து ஏறக்குறைய 400 மில்லி வினாடியில் மூளையின் மின்கோடு ஒரு பள்ளமோ மேடோ காட்டும் என்று மார்த்தா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் கண்டார்கள். இதிலிருந்து தெரிவது: மூளை வாக்கியம் முடியும்வரை கைகட்டிக் காத்திருப்பதில்லை. "இட்லிக்குக் கொஞ்சம்" என்று கேட்டதுமே சட்னியையும் சாம்பாரையும் எடுத்து வைத்துக்கொண்டுவிடுகிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் நாம் வாழ்நாள் முழுக்க இந்த ஊகத்திலேயே இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

இசையிலும் இதேதான். ஸ ரி க ம ப த நி என்று பாடி, அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். கூட இருப்பவர்களில் யாராவது ஒருவர் மேல் ஸ-வைப் பாடியே தீருவார். சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. கேட்டுக் கேட்டே காதுக்கு அந்த இலக்கணம் படிந்துவிடுகிறது. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் 2001இல், இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கு மேற்கத்திய இசையில் சுரக்கூட்டுகளை (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) வரிசையாகப் போட்டு, நடுவே பொருந்தாத ஒன்றைச் செருகினார்கள். துடித்தெழுந்த இடம், புரோக்கா பகுதியும் வலது பக்கத்தில் அதற்கு நேராக உள்ள இடமும்.

புரோக்கா பகுதி என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். 1861, பாரிஸ் அருகே பிசேத்ர் ஆஸ்பத்திரி. லெபோர்ஞ் என்று ஒரு நோயாளி, 21 வருஷமாக அங்கேயே இருந்தவர். மற்றவர்கள் சொல்வது புரியும். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார். அதனால் அவர் பெயரே டான் ஆகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு முழுசாக வந்து விழுமாம். இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் செம்பு ஞாபகம் வந்தது. கால் அழுகிய நிலையில் அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் வந்தவர், ஏப்ரல் 17ஆம் தேதி இறந்துபோனார். மூளையைத் திறந்து பார்த்தபோது இடது பாதியின் முன்பக்கம், நெற்றிப் பொட்டுக்கு உள்ளே அழிந்திருந்தது. பேச்சை உருவாக்க அந்த இடம் தேவை என்று புரோக்கா சொன்னார். பதின்மூன்று வருஷம் கழித்து, 1874இல், கார்ல் வெர்னிக்கே என்ற 26 வயது மருத்துவர் இதற்கு நேர்மாறானவர்களைப் பற்றி எழுதினார்: சரளமாகப் பேசுவார்கள், பேச்சில் பொருள் இருக்காது, நாம் பேசுவதும் அவர்களுக்குப் புரியாது. அடிபட்டிருந்த இடம் இன்னும் பின்னால், இடது காதுக்கு மேலே. முன்னால் பேச ஓர் இடம், பின்னால் புரிந்துகொள்ள ஓர் இடம் என்ற படம் ரொம்ப காலம் ஓடியது. இன்று அது ரொம்ப எளிமைப்படுத்திய படம் என்று தெரியும். மொழி பல பகுதிகள் கைகோத்துச் செய்யும் வேலை.

அப்படியானால் பேச்சுக்குரிய இடம்தான் இசையின் இலக்கணத்தையும் பார்க்கிறதா? இங்கே ஆய்வாளர்கள் இரண்டு கட்சி. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஈவ்லினா ஃபெடரென்கோ, ஒவ்வொருவர் மூளையிலும் மொழிப் பகுதிகளைத் தனித்தனியாகக் கண்டுபிடித்து, பிறகு அதே ஆளுக்கு இசையைப் போட்டுப் பார்த்தார். மொழிப் பகுதிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதே ஊரில் 2015இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, பேச்சுக்கும் நாய்க் குரைப்புக்கும் அவ்வளவாகத் துடிக்காமல் இசைக்கு மட்டும் துடிக்கும் நரம்புச் செல் கூட்டங்கள் செவிப் புறணியில் இருப்பதைக் காட்டியது.

அனிருத் படேல் 2003இல் சொன்ன சமாதானம் எனக்குப் பிடிக்கும். என் வார்த்தையில் சொன்னால்: வார்த்தைகளுக்கு ஒரு குடோன், ஸ்வரங்களுக்கு வேறு குடோன். ஆனால் சரக்கை எடுத்து வரிசையாக அடுக்கும் லோடுமேன்கள் இரண்டு இடத்துக்கும் பொது. இரண்டு லாரி ஒரே நேரத்தில் வந்துவிட்டால் வேலை தடுமாறும். சிக்கலான வாக்கியத்தைப் படிக்கும்போதே ஸ்வரமும் பிசகினால் மக்கள் திணறுவதைச் சில சோதனைகள் காட்டியிருக்கின்றன. எல்லோரும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் படித்துக்கொண்டே பாட்டுக் கேட்பவர்கள், வரிகள் இருக்கும் பாட்டில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு இந்த லோடுமேன்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் உள்ள வேலி எவ்வளவு தாழ்வானது என்பதற்கு ஒரு விளையாட்டு. கைபேசியில் யாராவது சாதாரணமாகப் பேசுவதைப் பதிவு செய்து, அதில் நாலைந்து வார்த்தைகளை மட்டும் வெட்டி, பத்து முறை திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். ஆறாவது ஏழாவது முறையில் அது பாட்டாகிவிடும். ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை. கேட்கும் மூளைதான் கட்சி மாறிவிடுகிறது. டயானா டாய்ச் என்ற ஆய்வாளர் 1995இல், தன் குரலைப் பதிவு செய்து திருத்திக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்டது இது. நம் தெருவில் உப்பு விற்பவரும் கோலமாவு விற்பவரும் இதைக் காலம் காலமாகச் செய்கிறார்கள். அவர்கள் கூவுவது பேச்சா பாட்டா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஒப்பாரியும் அந்த வேலி மேல் உட்கார்ந்திருப்பதுதான்.

வேலி தாழ்வுதான், ஆனால் இருக்கிறது. விஸாரியோன் ஷெபாலின் என்ற சோவியத் இசையமைப்பாளருக்கு 1953இல் ஒரு முறையும் 1959இல் இன்னொரு முறையும் பக்கவாதம் வந்தது. இடது பாதி. பேச்சு குலைந்தது, மற்றவர்கள் பேசுவது புரிவதும் குறைந்தது. அந்த நிலையில் மாணவர்களின் இசையைத் திருத்தினார், 1962இல் தன் ஐந்தாவது சிம்ஃபனியை எழுதி முடித்தார். அடுத்த வருஷம் இறந்தார். அவரைப் பரிசோதித்த அலெக்ஸாண்டர் லூரியாவும் சக ஆய்வாளர்களும் 1965இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மறுபக்கமும் உண்டு: நூறில் ஒன்றிரண்டு பேருக்குப் பிறவியிலேயே மெட்டு பிடிபடாது. தேசிய கீதத்தையும் சினிமாப் பாட்டையும் வார்த்தையை வைத்துத்தான் பிரிப்பார்கள். காது நன்றாகக் கேட்கும், பேச்சில் குறையிருக்காது, "வந்தான்?" என்ற கேள்வியும் பெரும்பாலும் புரியும். ஏனென்றால் கேள்வியில் குரல் பல ஸ்வரம் தாண்டி ஏறுகிறது. பாட்டில் வருவதோ அரை ஸ்வர அசைவு. இசபெல் பெரெட்ஸ் என்பவர் இதை வருஷக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார். மொழி போய் இசை நிற்கலாம், மொழி நின்று இசை இல்லாமலும் இருக்கலாம் என்றால், இரண்டுக்கும் தனித்தனிப் பங்கு இருந்தே ஆக வேண்டும்.

பெரியப்பாவுக்கு வருவோம். வாரம் இரண்டு நாள் ஒரு பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் வீட்டுக்கு வந்தார். அவர் செய்தது வேடிக்கையாக இருந்தது. பெரியப்பாவின் இடது கையைப் பிடித்து மேஜையில் மெல்லத் தட்டிக்கொண்டே, இரண்டே ஸ்வரத்தில், "தண்-ணி வே-ணும்" என்று பாடுவார். ஓர் அசைக்கு ஒரு தட்டு. முதலில் வெறும் முனகல், அப்புறம் சேர்ந்து பாடுவது, பிறகு அவர் நிறுத்திக்கொண்டு பெரியப்பாவை மட்டும் விடுவது. மெல்ல மெல்லப் பாட்டைக் கழித்துப் பேச்சாக்குவது. பாஸ்டனில் 1973இல் உருவான முறை இது. இடது கை ஏன் என்றால், வலது கைதான் விழுந்துவிட்டதே; தவிர, இடது கையை ஆட்டுவது சேதமாகாத வலது மூளை.

வலது மூளை பாடுகிறது, பாட்டின் முதுகில் ஏறிப் பேச்சு வருகிறது என்றுதான் ஆரம்பத்தில் விளக்கினார்கள். 2011இல் ஜெர்மனியில் பெஞ்சமின் ஷ்டால் குழு 17 நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது கதை கொஞ்சம் மாறியது. மெட்டினால் மட்டும் பெரிய லாபம் இல்லை. கைகொடுத்தது தாளமும், மனப்பாடமாகிப் போன வரிகளும். இப்படி ஊறிப்போன பேச்சுக்கு, வார்த்தையைத் தேடி எடுத்து வாக்கியம் கட்டும் இடது பக்கத்து இயந்திரம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. வலது பாதியும் மூளையின் ஆழத்திலுள்ள பகுதிகளும் அதைப் பார்த்துக்கொள்கின்றன என்பது பல ஆய்வாளர்களின் எண்ணம். பல்லவி, வசவு, "போலாம் ரைட்" எல்லாம் ஒரே மூட்டைதான். "தண்ணி வேணும்" என்பது மட்டும் அந்த நிமிஷத்தில் புதிதாகக் கட்ட வேண்டிய வாக்கியம். பெரியப்பா நடிக்கவில்லை என்று அந்த உறவுக்காரருக்கு இதை விளக்கினேன். பாதியில் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்.

நாலாவது மாதம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான் மட்டும் பெரியப்பா பக்கத்தில் இருந்தேன். இடது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. உதடு அசைந்தது.

"தண்-ணி... வே-ணும்."

செம்பை எடுத்துக் கொடுத்தேன். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரைட்" என்றார்.